வாரத்துக்கு மூணு பாட்டு

காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஒரு பெந்தகோஸ்தேக்காரன். ஞாயித்துக்கிழமை காலையில நாங்க எல்லாம் கவுந்து படுத்துத் தூங்கிட்டு இருக்கும்போது இவன் மட்டும் கிடாரை மடியில வச்சுக்கிட்டு ஒரு பழைய இங்கிலீஷ் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து மெதுவா பாடிட்டு இருப்பான். தூக்கம் போனா திரும்ப வராது எனக்கு. அதனால வேற வழியில்லாம அந்தப் புத்தகத்தைப் புரட்டுவேன். ஒவ்வொரு பாட்டுக்கும் மேல இடது மூலையில எழுதினவர் பேரு, வலது மூலையில மெட்டு போட்டவர் பேரு. கொஞ்ச நாள்ல ஒரு விஷயம் உறுத்த ஆரம்பிச்சது. இடது மூலையில திரும்பத் திரும்ப ஒரே பேரு. ஃபேனி கிராஸ்பி.

"யார்றா இந்தம்மா?"ன்னு கேட்டேன்.

"கண் தெரியாதவங்கடா. எட்டாயிரம் பாட்டு எழுதியிருக்காங்க. தேவன் கொடுத்த கிருபை"ன்னான்.

எனக்கு கிருபை மேல சந்தேகம் இல்லை. எட்டாயிரம் மேலதான் சந்தேகம். நான் கோயிலுக்குப் போறவன், சர்ச் பாட்டெல்லாம் எனக்குக் காதுக்கு மட்டும்தான். ஆனா எண்ணுன்னு ஒண்ணு கண்ணுல பட்டுட்டா அதைச் சரிபார்க்காம இருக்க முடியாது. அப்படி ஆரம்பிச்சதுதான் இந்த அம்மாவைப் பத்தின என் வாசிப்பு.

ஃபிரான்செஸ் ஜேன் கிராஸ்பி பிறந்தது 1820 மார்ச் 24. நியூயார்க் மாகாணத்துல பட்னம் கவுண்டியில ஒரு கிராமம். பிறந்து ஆறு வாரத்துல கண்ணுல சீழ் பிடிச்சிருக்கு. ஊர்ல வழக்கமான டாக்டர் இல்லாத நேரம். டாக்டர்னு சொல்லிக்கிட்டு வந்த ஒருத்தர் சூடான கடுகுப் பத்து போட்டாராம். பார்வை போச்சு, ஆளும் ஊரை விட்டுப் போயிட்டார். குடும்பத்துல காலங்காலமா சொல்லிட்டு வந்த கதை இது. அவங்களும் கடைசி வரைக்கும் இதைத்தான் நம்பினாங்க. பிறவியிலேயே பார்வை இல்லாம இருந்திருக்கலாம், பச்சைக் குழந்தைங்கறதால பெத்தவங்களுக்கு அதுவரை தெரியாம போயிருக்கலாம்னு பிற்கால மருத்துவர்கள் சொல்றாங்க. அந்த ஆள் போலி டாக்டரா இல்லை வெறும் பலியாடா, இனிமே யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது.

அதே வருஷம் அப்பா இறந்துட்டார். அம்மாவுக்கு அப்ப இருபத்தோரு வயசு. வீட்டு வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. பிள்ளையை வளர்த்தது பாட்டி. அஞ்சு வயசுல அக்கம்பக்கத்துக்காரங்க பணம் சேர்த்துக் கொடுக்க, நியூயார்க்குல அந்தக் காலத்துப் பெரிய சர்ஜன் வாலண்டைன் மாட் கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவர் பார்த்துட்டு ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டார்.

பாட்டி செஞ்ச வேலைதான் பின்னாடி எல்லாத்துக்கும் அஸ்திவாரம். பறவை, பூ, நிறம், வானம் எல்லாத்தையும் வாயாலயே விவரிச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஒருத்தர் பைபிளை வாசிச்சுக் காட்ட, இந்தப் பொண்ணு வாரத்துக்கு அஞ்சு அதிகாரம்னு கணக்கு வச்சு மனப்பாடம் பண்ணியிருக்கா. பதினஞ்சு வயசுல நாலு சுவிசேஷம், மோசேயோட அஞ்சு புத்தகம், நீதிமொழிகள், உன்னதப்பாட்டு, சங்கீதத்துல பெரும்பகுதி எல்லாம் மனசுல ஏறிடுச்சு. நம்ம ஊர்ல வேதபாடசாலைப் பசங்களும், திருக்குறள் முழுக்க ஒப்பிக்கற பிள்ளைகளும் இருக்கறதால நமக்கு இது ரொம்ப அதிசயமா தெரியாது. ஆனா பின்னாடி அவங்க எழுதின முறைக்கு இதுதான் சாவி.

1835ல நியூயார்க் பார்வையற்றோர் பள்ளியில சேர்ந்தாங்க. முதல்ல மாணவி, அப்புறம் ஆசிரியை, ஆகமொத்தம் இருபத்திமூணு வருஷம் அங்கேயே. அங்க நடந்த ஒரு கூத்தைச் சொல்லாம விட முடியலை. இவங்க கவிதை எழுதறதை எல்லாரும் பாராட்டப் பாராட்ட, தலைக்கனம் ஏறிடப் போகுதுன்னு பள்ளிக்கூடத் தலைவர் மூணு மாசம் கவிதையே எழுதக் கூடாதுன்னு தடை போட்டுட்டார். இவங்களுக்கு சோறு இறங்கலை, பாடமும் ஓடலை. அப்புறம்தான் ஜார்ஜ் கோம்ப்னு ஒருத்தர் அங்க வந்தார். மண்டையோட மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்துக் குணம் சொல்ற வித்தைக்காரர். அன்னைக்கு அதை விஞ்ஞானம்னு நம்பினாங்க, நம்ம ஊர் கைரேகை மாதிரின்னு வச்சுக்குங்க. அவர் இந்தப் பொண்ணு தலையைத் தடவிட்டு, இவ பிறவிக் கவிஞர், எல்லா உதவியும் செய்யுங்கன்னுட்டார். அதுக்கப்புறம் பள்ளிக்கூடமே யாப்பு சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சுடுச்சு. டுபாக்கூர் சாஸ்திரத்தால நடந்த ஒரே நல்ல காரியம் இதுவாத்தான் இருக்கும் :-)

அப்புறம் பள்ளியோட முகமே இவங்கதான். 1843ல பார்வையற்றவங்க கல்விக்காக வாஷிங்டன் போய் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்னால கவிதை வாசிச்சாங்க. 1844ல முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. 1849ல நியூயார்க்கைக் காலரா பிடிச்சப்போ ஊரை விட்டு ஓடாம நோயாளிகளைக் கவனிச்சாங்க. 1853ல அந்தப் பள்ளிக்கு வேலைக்கு வந்த பதினாறு வயசுப் பையன் ஒருத்தன், இவங்க சொல்லச் சொல்லக் கவிதைகளை எழுதிக் கொடுத்திருக்கான். ஆபீஸ் நேரத்துல குமாஸ்தாவைச் சொந்த வேலைக்கு வச்சுக்கறீங்களான்னு மேலதிகாரி சத்தம் போட, இவரைத் திருப்பிக் கேளுங்கன்னு ஃபேனிக்கு தைரியம் சொல்லிக் கொடுத்ததும் அதே பையன்தான். பேரு க்ரோவர் க்ளீவ்லண்ட். பின்னாடி ரெண்டு தடவை அமெரிக்க ஜனாதிபதியா இருந்தவர்.

சரி, மேட்டருக்கு வருவோம். காசு.

1850கள்ல ஜார்ஜ் ரூட்ங்கற இசையமைப்பாளர் மெட்டு போட, இவங்க வரி எழுதி, சில பாட்டுங்க அமெரிக்கா முழுக்க ஹிட் ஆச்சு. பக்திப் பாட்டு இல்லை, சாதாரண ஜனங்க வீட்டுல பியானோ வச்சுப் பாடற பாட்டுங்க. அதுல 'ரோஸலி, த ப்ரெய்ரி ஃப்ளவர்'னு ஒண்ணு, 1855ல வந்தது. ரூட் அதைப் பதிப்பாளர்கிட்ட நூறு டாலருக்கு வித்துடப் பார்த்தார். பதிப்பாளர் நூறு ரொம்ப அதிகம்னு நினைச்சு, விக்கிற பிரதிக்கு ராயல்டி தர்றேன்னார். கடைசியில ரூட்டுக்குக் கிடைச்சது ஏறக்குறைய மூவாயிரம் டாலர். வரி எழுதின ஃபேனிக்கு? அவங்க வழக்கமா வாங்கினது பாட்டுக்கு ஒரு டாலர், ரெண்டு டாலர். அவ்வளவுதான். அதுக்கு மேல உரிமை கிடையாது.

ரூட் கெட்டவர் இல்லைங்க. அன்னைக்கு முறையே அதுதான். மெட்டு போட்டவருக்கும் அச்சடிச்சவருக்கும்தான் சொத்து. வரி எழுதறவங்க கூலிக்காரங்க. கூலி வாங்கிட்டா பாட்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் முடிஞ்சது. நான் எழுதற கோடு எல்லாம் கம்பெனிக்குத்தான் சொந்தம்னு ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போட்டவன் நான், அதனால இதைப் படிச்சப்போ ரொம்ப அன்னியமா தெரியலை. ஆனா எனக்கு மாசச் சம்பளம் வருதே!

1858ல கல்யாணம். மாப்பிள்ளை அலெக்ஸாண்டர் வான் ஆல்ஸ்டைன், அதே பள்ளியில படிச்சவர், அவருக்கும் பார்வை கிடையாது, நல்ல ஆர்கன் வாசிப்பாளர். நீ ஏற்கெனவே பேர் வாங்கினவ, எழுதறப்போ கிராஸ்பிங்கற பேரையே வச்சுக்கோன்னு சொன்ன மனுஷன். 1859ல ஒரு குழந்தை பிறந்து கைக்குழந்தையாவே இறந்துபோச்சு. இவ்வளவு எழுதின அந்த அம்மா இதைப் பத்தி மட்டும் வாழ்நாள் முழுக்க ரொம்ப அரிதாத்தான் வாய் திறந்தாங்க.

1864 பிப்ரவரியில வில்லியம் பிராட்பரின்னு ஒரு இசையமைப்பாளர், பதிப்பாளரும்கூட, ஃபேனியைக் கூப்பிட்டு ஞாயிறு பள்ளிகளுக்குப் பாட்டு எழுதச் சொன்னார். அப்ப அவங்களுக்கு வயசு நாற்பத்து நாலு ஆகப்போகுது. மூணே நாள்ல முதல் பாட்டோட வந்து நின்னாங்க. பிராட்பரி 1868ல இறந்ததும் அவர் தொழிலை பிக்லோ அண்ட் மெயின் கம்பெனி எடுத்துக்கிச்சு. ஃபேனி அவங்களுக்குத் தொடர்ந்து எழுதினாங்க. பெரும்பாலான காலம் ஒப்பந்தம் என்ன தெரியுமா? வாரத்துக்கு மூணு பாட்டு.

இங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. 1864லேர்ந்து 1915 வரைக்கும் அம்பத்தோரு வருஷம். வருஷத்துக்கு அம்பத்திரெண்டு வாரம். வாரத்துக்கு மூணு. பெருக்கிப் பாருங்க: 7956. எட்டாயிரம்!

சும்மா குத்துமதிப்புக் கணக்குதான். நிஜத்துல சில நாள் ஆறு, ஏழு பாட்டு எழுதியிருக்காங்க, சில சமயம் ஒண்ணும் வராது, கடைசி வருஷங்கள்ல வேகம் குறைஞ்சு போச்சு. ஆனாலும் எனக்கு அந்த எண்ணோட ரகசியம் புரிஞ்ச மாதிரி இருந்தது. எட்டாயிரம்ங்கறது வானத்துலேர்ந்து கொட்டலை. வாரா வாரம் சரக்கை டெலிவரி பண்ணிட்டே இருந்தா அம்பது வருஷத்துல அவ்வளவு சேரும். என் ரூம்மேட்கிட்ட இதைச் சொன்னா, "அம்பது வருஷம் ஒரு வாரம் விடாம செய்யறதுக்குத்தான்டா கிருபை வேணும்"னான். பதில் சொல்ல முடியலை.

எழுதின முறையும் சுவாரசியம். பேப்பர்ல அடிச்சுத் திருத்தறது எல்லாம் இல்லை. மனசுக்குள்ளயே முழுப் பாட்டையும் கட்டி, திருத்தி, அடுக்கி வச்சுட்டு, அப்புறம் யாராவது எழுத உக்காரும்போது சொல்றது. ஒரு சமயம் நாற்பது பாட்டு வரைக்கும் மனசுலயே சேர்த்து வச்சிருந்து சொன்னாங்களாம். கையில ஒரு சின்னப் புத்தகத்தைப் பிடிச்சுக்குவாங்க. வாசிக்கறதுக்கு இல்லை, பழக்கம். அது இல்லைன்னா யோசனை ஓடாது.

நம்ம சினிமாப் பாடலாசிரியர்கள் மாதிரி மெட்டுக்கு எழுதறதுலயும் கில்லாடி. 1868 ஏப்ரல் 30, வில்லியம் டோன் வேக வேகமா வர்றார். சின்சினாட்டி ரயிலுக்கு நாற்பது நிமிஷம்தான் இருக்கு, ஒரு மெட்டு வச்சிருக்கேன், வரி வேணும்ங்கறார். வாசிச்சுக் காட்டறார். இவங்க அரை மணி நேரத்துல 'சேஃப் இன் தி ஆர்ம்ஸ் ஆஃப் ஜீசஸ்' பாட்டை முடிச்சுக் கையில கொடுத்து ரயிலுக்கு அனுப்பிட்டாங்க. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்காக எழுதினதுன்னு பின்னாடி சொன்னாங்க. மேல சொன்ன 1859ஐ ஞாபகம் வச்சுக்குங்க.

1873ல ஃபீபி நாப்ங்கற தோழி பியானோவுல ஒரு மெட்டை வாசிச்சு, இது என்ன சொல்லுதுன்னு கேக்க, கேட்ட மாத்திரத்துல பிறந்தது 'ப்ளெஸ்ட் அஷ்யூரன்ஸ்'. சென்னையில இங்கிலீஷ் ஆராதனை நடக்கற சர்ச் பக்கம் ஞாயிறு காலையில நடந்து போயிருந்தீங்கன்னா இந்த மெட்டு உங்க காதுலயும் கண்டிப்பா விழுந்திருக்கும். இதுல எனக்குச் சிரிப்பு என்னன்னா, ஃபீபியோட வீட்டுக்காரர் மெட்ரோபாலிடன் லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனியோட தலைவர். அஷ்யூரன்ஸ்!

இப்ப என் ஹாஸ்டல் எண்ணிக்கைக்கு வர்றேன். இடது மூலையில கிராஸ்பி பேரை மட்டும் எண்ணினேன்ல, அது தப்பு. அதே புத்தகத்துல இருந்த வேற சில பேரும் அவங்கதான்! க்ரேஸ் ஜே. ஃபிரான்செஸ், ஹென்ரியெட்டா பிளேர், எல்லா டேல், ஜூலியா ஸ்டெர்லிங், லிஸி எட்வர்ட்ஸ். ஆம்பளைப் பேரும் உண்டு, சார்லஸ் புரூஸ், ராபர்ட் புரூஸ். இப்படிக் கிட்டத்தட்ட இருநூறு புனைபேர்னு சொல்றாங்க. காரணம் ரொம்ப சிம்பிள். ஒரு புத்தகத்துல பாதிப் பாட்டு ஒரே ஆள் எழுதினதுன்னு தெரிஞ்சா வாங்கறவன் யோசிப்பான். அதனால பதிப்பாளர்கள் பேரை மாத்தி மாத்திப் போட்டாங்க. அதனால்தான் யாராலும் எட்டாயிரமா ஒன்பதாயிரமான்னு துல்லியமா எண்ண முடியலை. நம்ம ஆளுங்க ஒருத்தரே பல ஐடியில வந்து பின்னூட்டம் போடறதுக்கு எல்லாம் முன்னோடி!

இன்னொரு பக்கம், புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து, இவர் மெட்டு அவங்க வரின்னு ஒரு முழுப் புத்தகம் தயார் பண்ணிக் கொண்டு போனப்போ அதே கம்பெனி வேண்டாம்னுடுச்சு. ரெண்டே பேர் போட்ட புத்தகம் விக்காதாம். அவங்க பாட்டு வேணும், அவங்க பேருல ஒரு புத்தகம் வேண்டாம். இதைப் படிச்சப்போ நிஜமாவே கோவம் வந்தது.

இந்தப் பேர் குழப்பத்துல உச்சம், மூடி ஐயரோட நார்த்ஃபீல்ட் கூட்டத்துல நடந்தது. மேடையில ஒரு பாட்டு பாடறாங்க. ஃபேனிக்கு ரொம்பப் பிடிச்சுப் போய், சேங்கிகிட்ட இது எங்க கிடைச்சதுன்னு கேட்டாங்க. விளையாடறாங்கன்னு நினைச்சு அவர் கண்டுக்கலை. திரும்ப அதையே கேக்கவும், இது நீங்க எழுதினதும்மான்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

தரம்? ஜான் ஜூலியன்னு ஒரு ஆங்கிலப் பாதிரியார் 1892ல பாமாலைகளுக்கு ஒரு பெரிய அகராதி போட்டார். அதுல இந்தம்மா பாட்டுங்க ஒண்ணு ரெண்டு தவிர எல்லாம் பலவீனம், எளிமையும் ஈடுபாடும்தான் காப்பாத்துது, புகழுக்குப் பாதிக் காரணம் மெட்டுன்னு ஒரே போடா போட்டுட்டார். நானும் ஒரு நாற்பது பாட்டை மெட்டு இல்லாம வரிசையா வாசிச்சுப் பார்த்தேன். பாதிரியார் சொன்னதுல நியாயம் இருக்கு. ஒரே பத்துப் பதினஞ்சு படிமம் திரும்பத் திரும்ப வருது. ஆனா இது வாசிக்கறதுக்கு எழுதினதே இல்லையே. எழுதப் படிக்கத் தெரியாதவன் ரெண்டு தடவை கேட்டதும் கூடச் சேர்ந்து பாடணும். குடிச்சுட்டு விழுந்து கிடக்கறவனுக்கும் புரியணும். அந்த வேலைக்குச் செஞ்ச கருவி அது.

குடிச்சுட்டுக் கிடக்கறவன்னு சும்மா சொல்லலை. அறுபது வயசுல, சரியா ஓய்வு எடுக்கற வயசுல, ஃபேனி நியூயார்க்கோட ரொம்ப மோசமான பகுதிகள்ல இருந்த மிஷன்களுக்குப் போக ஆரம்பிச்சாங்க. பௌரி மிஷன், வாட்டர் ஸ்ட்ரீட் மிஷன். வீடில்லாதவன், ஜெயில்லேர்ந்து வந்தவன், குடிகாரன் பக்கத்துல உக்காந்து பேசறது. தானும் அந்தப் பகுதிக்குப் பக்கத்துலயே வாடகை அறையில குடியிருந்தாங்க. கையில வந்த ரெண்டு டாலரையும் யாருக்காவது கொடுத்துடுவாங்க. அந்தச் சமயத்துலேர்ந்து கணவரும் அவங்களும் தனித்தனியாத்தான் வாழ்ந்தாங்க, ஆனா சண்டைன்னு யாரும் எழுதி வைக்கலை. அவர் 1902ல இறந்தார்.

1900ல கனெக்டிகட்ல இருக்கற பிரிட்ஜ்போர்ட்டுக்குத் தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டாங்க. அங்கதான் அந்தப் பெரிய தகராறு. வில் கார்ல்டன்னு அன்னைக்குப் பிரபலமான கவிஞர் ஒருத்தர் இவங்க வாழ்க்கையை எழுதி 1903ல புத்தகமா போட்டார். இதை வாங்கினா அந்த வயசான அம்மாவுக்குச் சொந்த வீடு அமையும்ங்கற மாதிரி விளம்பரம். பிக்லோ அண்ட் மெயினுக்குச் சுருக்குன்னு குத்துச்சு. அப்ப நாங்க இவங்களைப் பட்டினி போட்டோம்னு அர்த்தமான்னு கொதிச்சாங்க. ஃபீபி நாப் கார்ல்டன் பக்கம். பத்திரிகைகள்ல கடிதம் மேல கடிதம். நடுவுல மாட்டினது எண்பது தாண்டின ஃபேனி. நான் வறுமையில இல்லை, கம்பெனி எனக்குத் தொகை கொடுத்துட்டுத்தான் இருக்குன்னு அவங்களே எழுத வேண்டியிருந்தது. 1906ல தன்னோட வாழ்க்கையைத் தானே ஒரு புத்தகமா கொண்டு வந்தாங்க.

யார் சரி? ரெண்டு நாள் யோசிச்சேன். ஃபேனி பொய் சொல்லலை. பணம் வேண்டாம்னு தானே முடிவு பண்ணின ஆளை ஏழைன்னு பரிதாபப்பட்டா கோவம்தான் வரும். ஆனா கார்ல்டன் கேட்ட கேள்வியும் தப்பில்லை. அம்பது வருஷம் இவங்க பாட்டை அச்சடிச்சு வித்தவங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. அவங்க தானமா கொடுத்தது வேற, அவங்களுக்குச் சேர வேண்டியது வராம போனது வேற. முதலாவதைக் காட்டி ரெண்டாவதை மறைக்கறதை என்னால ஒத்துக்க முடியலை.

1922ல பிக்லோ அண்ட் மெயினை ஹோப் பதிப்பகம் வாங்கிடுச்சு. பல வருஷம் கழிச்சு அங்க இருந்த பழைய பெட்டகத்துல அச்சேறாத இவங்க கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாக் கிடைச்சது. கையெழுத்துன்னா யாரோ எழுதிக் கொடுத்ததுதான். அதுலேர்ந்து 120 பாட்டை எடுத்து 1977ல ஒரு புத்தகமா போட்டாங்க. அச்சான பாட்டுலயும் வேடிக்கை உண்டு. 1875ல வெளிவந்த 'டு காட் பி த க்ளோரி' அமெரிக்காவுல பெருசா எடுபடலை. 1954ல பில்லி கிரஹாம் லண்டன் ஹாரிங்கே கூட்டங்கள்ல பாட வச்சு, அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டு போனப்புறம்தான் பிச்சுக்கிட்டு போச்சு. எழுதினவங்க இறந்து அப்ப முப்பத்தொன்பது வருஷம் ஆயிருந்தது.

பிரிட்ஜ்போர்ட் மவுண்டன் க்ரோவ் கல்லறைத் தோட்டத்துல இவங்களுக்கு முதல்ல வச்சது ரொம்பச் சின்னக் கல். அதே தோட்டத்துலதான் சர்க்கஸ்காரர் பார்னம் பெரிய நினைவுத்தூணோட இருக்கார். எனக்குக் கல்லு வேண்டாம், அந்தக் காசுல வயசானவங்களுக்கு ஒரு வீடு கட்டுங்கன்னு சொல்லியிருந்தாங்க. அந்த இல்லம் 1925ல திறந்தது, 1996 வரைக்கும் நடந்தது. ஜனங்களுக்கு மனசு கேக்காம 1955ல ஒரு பெரிய கல்லை நட்டாங்க.

இறந்தது 1915 பிப்ரவரி 12 விடியக்காலையில. தொண்ணூத்தஞ்சு ஆக ஆறு வாரம் பாக்கி. முந்தின நாள் ராத்திரி, பிள்ளையை இழந்த ஒரு குடும்பத்துக்கு ஆறுதல் கடிதம் ஒண்ணும், கூடவே ஒரு பாட்டும் சொல்லி எழுத வச்சாங்க. அதுக்கு ரெண்டு டாலர் கிடையாது.